பாலியல் வன்முறைக்கு உள்ளான ஆண்களுக்கான ஆதரவை வன்னியில் ஆராய்வது எப்படி?

கிளிநொச்சியில் முதுகலை ஆய்வொன்றைத் தொடங்கவுள்ள மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: பாலியல் வன்முறைக்கு உள்ளான ஆண்களுக்கு வன்னியில் என்ன ஆதரவு கிடைக்கிறது என்று ஆராய விரும்புகிறேன், பாதிக்கப்பட்ட இருபது பேரையாவது நேரில் கண்டு பேச வேண்டும் என்கிறார் மேற்பார்வையாளர், அவர்களை எங்கே தேடுவது, பெண்ணாகிய நான் இந்த ஆய்வைச் செய்யலாமா?

என் பதில் உங்கள் மேற்பார்வையாளருக்கு உவப்பாக இராது. அந்த இருபது பேரைத் தேடிப் போகாதீர்கள். ஓர் ஆணுக்கு என்ன நடந்தது என்பதை வெளிக்கொணர்வது உங்கள் ஆய்வின் வேலையன்று. உடம்பு நோகிறது என்றோ நித்திரை வரவில்லை என்றோ அவர் ஒரு வாசலுக்கு வந்து நிற்கும்போது, அங்கே இருப்பவர் என்ன கேட்கிறார், என்ன கேட்காமல் விடுகிறார், அதன்பின் அந்த மனிதர் எங்கே போகிறார் என்பதை அறிவதுதான் ஆதரவைப் பற்றிய ஆய்வு.

நடந்தவை பற்றிய பதிவுகள் ஏற்கெனவே போதிய அளவில் இருக்கின்றன. 2000 ஆம் ஆண்டில் தி லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு சிறு ஆய்வு, சித்திரவதைக்கு உள்ளானோருக்குச் சிகிச்சை அளிக்கும் லண்டன் நிறுவனமொன்றுக்கு அனுப்பப்பட்ட 184 இலங்கைத் தமிழ் ஆண்களில் 38 பேர், அதாவது ஐவருக்கு ஒருவருக்கு மேல், தடுப்புக்காவலில் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகச் சொன்னதைப் பதிவு செய்தது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2013 இல் வெளியிட்ட அறிக்கை ஆராய்ந்த 75 சம்பவங்களில் பாதிக்கப்பட்டோர் 31 பேர் ஆண்கள், மூவர் சிறுவர்கள். ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகத்தின் 2015 ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை, தடுத்து வைக்கப்பட்டவர்களிடையே பெண்களைப் போலவே ஆண்களும் இவ்வன்முறைக்கு உள்ளாகும் நிலை இருந்ததைத் தன் மிகக் கவலைக்குரிய முடிவுகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. 2018 இல் உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேச செயற்திட்டம் 121 ஆண்களின் வாக்குமூலங்களை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது.

இவற்றை அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்போது ஒன்று புலப்படும். சாட்சி சொன்னவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாட்டை விட்டு வெளியேறி, புகலிடம் கோரிய இடத்தில், வைத்தியரிடமோ சட்டத்தரணியிடமோ பேசியவர்கள். புதுக்குடியிருப்பிலும் துணுக்காயிலும் செட்டிகுளத்திலும் இன்று வயல் செய்துகொண்டும் ஓட்டோ ஓடிக்கொண்டும் இருப்பவர்களின் குரல் அந்த அறிக்கைகளில் அநேகமாக இல்லை. அவர்கள் பேசாததற்குக் காரணம் வெட்கம் மட்டும்தான் என்று எழுதிவிடுவது எளிது. நான் அதை ஏற்பதில்லை. பேசினால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று கணக்குப் பார்த்துத்தான் பலர் வாய் மூடியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

சட்டத்தைப் பாருங்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363 ஆம் பிரிவு வல்லுறவை ஓர் ஆண் ஒரு பெண்ணுக்கு இழைக்கும் குற்றமாகவே வரையறுக்கிறது. ஆணுக்கு நேர்ந்தது 1995 இல் சேர்க்கப்பட்ட 365ஆ பிரிவின் கீழ், பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகமாகவே கொள்ளப்படும். அதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் 365அ பிரிவோ ஒரே பாலினத்தவரிடையேயான உறவைக் குற்றமாக்குகிறது. முறைப்பாடு செய்யப் போகும் ஆண், தன்னையே குற்றவாளியாக்கிவிடுவார்களோ என்று அஞ்சுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. காவலில் நிகழ்ந்ததாயின் 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டம் இருக்கிறது. குறைந்தது ஏழு ஆண்டு, கூடியது பத்து ஆண்டுச் சிறை என்பது ஏட்டில் கடுமையானதுதான். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆனால், போர் முடிவில் இடம்பெயர்ந்தோர் அடைத்துவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமிலோ, போராளிகள் எனப்பட்டோர் வைக்கப்பட்ட புனர்வாழ்வு முகாமிலோ இருந்த ஒருவர் அந்த ஒரு மாதத்துக்குள் எந்தப் படலையைத் தாண்டிப் போய் மனுப் போட்டிருப்பார்? குற்றவியல் வழக்குக்கும், கொலை, இராஜத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவாக இருபது ஆண்டு என்ற எல்லை இருக்கிறது. 2009 இல் நடந்தவற்றுக்கு அந்த எல்லை 2029 இல் வருகிறது. உங்கள் ஆய்வில் சட்ட உதவி பற்றிய பகுதி இருக்குமானால் இந்த ஆண்டைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், ஏனெனில் சட்ட உதவி வழங்குவோரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது.

யாரைப் பற்றிய ஆய்வு என்பதையும் தொடக்கத்திலேயே வரையறுத்துவிடுங்கள். வன்னி என்றதும் இறுதிப் போரும், அதன்பின் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட 11,000 இற்கும் மேற்பட்டோரும், ஓமந்தைச் சோதனைச் சாவடியும், வவுனியாவில் இராணுவத்தின் ஜோசப் முகாமும்தான் மனதில் வரும். அது இயல்பே. ஆயினும் சிறுவர் இல்லத்திலோ விடுதியிலோ மூத்தவர் ஒருவரால் சீரழிக்கப்பட்டு இன்று முப்பது வயதில் இருப்பவரும், வளைகுடா நாடொன்றில் வேலைத்தளத்தில் வன்முறைக்கு உள்ளாகித் திரும்பியவரும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் பிறர் பராமரிப்பில் இருக்கையில் அதற்கு உள்ளானவரும் இதே ஊர்களில்தான் இருக்கிறார்கள். போரோடும் தடுப்புக்காவலோடும் தொடர்புபட்டவர்களின் பிரச்சினையில் அரசியல் இருப்பதால் அறிக்கைகளில் இடம் கிடைத்தது; மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஒரு முதுகலை ஆய்வில் எல்லாரையும் அடக்க முடியாது. ஆனால் சேவை வழங்குவோரிடம் கேட்கும்போது உங்கள் கேள்வி முன்னாள் போராளிகளை மட்டும் குறிப்பதாக அமைந்தால், அவர்களும் அதையே நினைத்து, மற்றவர்களைச் சொல்லாமல் விடுவார்கள். அத்தோடு அந்தக் கேள்வியே அவர்களை எச்சரிக்கையாக்கி வாயை அடைத்துவிடும்.

இனி, பாதிக்கப்பட்ட ஆண் உதவி தேடி வந்து நிற்கக்கூடிய வாசல்கள். இவற்றில்தான் நீங்கள் அதிக காலம் செலவழிக்க வேண்டும்.

முதல் வாசல் வைத்தியசாலை, அதிலும் வெளிநோயாளர் பிரிவு. பாலியல் வன்முறை என்று சொல்லிக்கொண்டு எந்த ஆணும் அங்கே வருவதில்லை. நாரி நோ, மூத்திரம் போகும்போது எரிவு, மலச்சிக்கல், மூலம், தலைக்குள் இரைச்சல், நெஞ்சுப் படபடப்பு, உடம்பெல்லாம் உழைவு, நித்திரையின்மை என்றுதான் வருவார்கள். திருமணமானவராயின் பிள்ளை இல்லை என்ற முறைப்பாட்டோடு மனைவியுடன் வந்து, மனைவியை மட்டும் பரிசோதிக்க வைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் வைத்தியர் வலிமாத்திரை எழுதிக் கொடுப்பதில் வியப்பில்லை. அவருக்கு இதைக் கேட்கப் பயிற்சி அளிக்கப்பட்டதா, கேட்டால் அனுப்புவதற்கு ஓர் இடம் உண்டா, திரைச்சீலைக்கு அப்பால் அடுத்த நோயாளி நிற்கும் அறையில் அதைக் கேட்க முடியுமா என்பனவே உங்கள் கேள்விகள். காயத்தழும்பு இல்லாததால் ஒன்றும் நடக்கவில்லை என்ற முடிவுக்கு வருவோர் வைத்தியர்களிலும் உண்டு. மேலே சொன்ன லான்செட் ஆய்வில் 38 பேரில் நால்வருக்கு மட்டுமே பிறப்புறுப்பில் தழும்பு காணப்பட்டது. இந்த ஒரு தரவை நேர்காணலின் நடுவே எடுத்துச் சொல்லி, அதற்கு வைத்தியர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று கவனித்தாலே பல விடயங்கள் வெளிவரும்.

வைத்தியசாலைகளில் பால்நிலை வன்முறைக்கு உள்ளானோருக்காக நட்பு நிலையங்கள் இயங்குகின்றன. அவை சட்டப்படி ஆண்களுக்கு மூடியவை அல்ல. ஆனால் அவற்றின் சுவரொட்டியிலும் காத்திருக்கும் வாங்கிலும் பணியாளர் பயிற்சியிலும் ஆணுக்கு இடம் உண்டா என்று போய்ப் பாருங்கள். ஓர் ஆண் அந்தக் கதவைத் திறந்தால் மனைவியை அடித்தவன் என்று எண்ணப்படுவானா, அடிபட்டவன் என்று எண்ணப்படுவானா என்பதை அங்கு பணிபுரிவோரிடமே நேராகக் கேட்கலாம். அவர்கள் நேர்மையாகப் பதில் சொல்வார்கள் என்பது என் எண்ணம்.

காயங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் சட்ட வைத்திய அதிகாரி அடுத்த வாசல். பரிசோதனைப் படிவம் வழக்கமாகப் பொலிஸ் வழியாகவே வருவதால், இந்த வாசலுக்கு வர முதலில் பொலிஸ் வாசலைத் தாண்ட வேண்டும். காவலில் வைத்துக் கொடுமைப்படுத்தப்பட்டவரிடம் அதை எதிர்பார்ப்பது எவ்வளவு பொருந்தாதது என்பதை விளக்க வேண்டியதில்லை. அண்மையில் நடந்த வன்முறையாயின் இங்கே ஒரு கால எல்லையும் இருக்கிறது: எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். சனிக்கிழமை இரவு மாங்குளத்தில் ஒருவருக்கு அது தேவைப்பட்டால் எங்கே கிடைக்கும், யார் எடுத்துக் கொடுப்பார், அவர் பொலிசுக்குப் போகாமலே அதைப் பெற முடியுமா என்று தேடி எழுதினால், அந்த ஒரு பக்கமே உங்கள் ஆய்வேட்டில் மிகப் பயனுள்ள பக்கமாக அமையலாம்.

உளநலப் பிரிவுகள், பிரதேச செயலகங்களின் உளவளத்துணை உத்தியோகத்தர்கள், யாழ்ப்பாணத்தில் 1980களின் இறுதி முதல் இயங்கும் சாந்திகம் போன்ற அமைப்புகள், 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசிச் சேவை ஆகியவற்றை நீங்கள் எப்படியும் அணுகுவீர்கள். ஆதலால் அவற்றை விரிக்கவில்லை. தொலைபேசிச் சேவையைப் பற்றி மட்டும் ஒன்று: எல்லா நேரத்திலும் தமிழில் பேசக்கூடியவர் கிடைக்கிறாரா என்று சேவை நடத்துவோரிடமே விசாரியுங்கள். பாதிக்கப்பட்டவர் போல நடித்து அழைத்துப் பார்க்காதீர்கள். அது உண்மையிலேயே உதவி தேவைப்படுபவரின் இடத்தை எடுத்துக்கொள்வதாகும்.

ஆய்வாளர்கள் வழக்கமாக விட்டுவிடும் வாசல்கள் வேறு. இயன்மருத்துவர், சித்த வைத்தியர், ஊர்ப் பரியாரி, பங்குத் தந்தை, கோயிற் பூசகர், போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் நிலையங்களில் பணிபுரிவோர் ஆகியோரிடம் ஆண்கள் போகிறார்கள். இவர்களில் இயன்மருத்துவரை நான் தனியாகக் குறிப்பிடுவேன். உடம்பைத் தொட்டுச் சிகிச்சை செய்பவர் அவர். தொட்டதும் ஒருவர் விறைத்துப் போவதையோ கையைத் தட்டிவிடுவதையோ முதலில் காண்பவரும் அவரே. அதைக் கண்டபின் அவர் என்ன செய்கிறார் என்று கேட்ட ஆய்வுகள் அரிது. சாராயத்துக்கும் கசிப்புக்கும் அடிமையானவர் என்ற முத்திரையோடு மீட்பு நிலையத்துக்கு வருபவர்களின் நிலையும் அப்படியே. குடிக்கு முன்னால் என்ன இருந்தது என்று அங்கே எவராவது கேட்கிறார்களா என்பது திறந்த கேள்வி.

இப்படி வாசல்களில் இருப்போரிடம் பேசும்போது நேரடியாக, ‘பாலியல் வன்முறைக்கு உள்ளான ஆண்களைப் பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். ஒரு சிறு கதையைச் சொல்லிக் கேளுங்கள். முப்பத்தெட்டு வயதான ஒருவர் நாரி நோவென்று மூன்றாம் முறையாக வருகிறார். படங்களில் ஒன்றும் தெரியவில்லை. பரிசோதனைக்காக உடையைத் தளர்த்தச் சொன்னதும் எழுந்து போய்விடுகிறார். நீங்கள் என்ன நினைப்பீர்கள், அடுத்து என்ன செய்வீர்கள்? இந்த முறையில் பணியாளரின் அறிவும் தயக்கமும் ஒருங்கே தெரியவரும். எவரும் தம் நோயாளியின் இரகசியத்தை உடைக்கவும் வேண்டியிராது. பின்னர், வேண்டுமானால், பாதிக்கப்பட்டவரா இல்லையா என்று கேளாமலே ஊரிலுள்ள சாதாரண ஆண்கள் சிலரிடமும் இதே கதையைச் சொல்லலாம். ‘எங்கட பக்கத்திலயும் ஒருத்தர் இருந்தவர்’ என்று அவர்கள் மூன்றாம் மனிதராக வைத்துப் பேசுவார்கள். அந்த ஒருத்தர் யார் என்று தோண்டாதீர்கள். அப்படிப்பட்டவர் யாரிடம் போகக்கூடும், போகாவிட்டால் ஏன் என்பதை மட்டும் கேளுங்கள்.

கேட்கும் வகையிலும் ஒரு கவனம் தேவை. தனக்கு நடந்ததை ஓர் ஆண் ‘அடிச்சவங்கள்’, ‘விசாரிச்சவங்கள்’ என்று சொல்லி நிறுத்துவார். பாலுறுப்பில் மின்சாரம் பாய்ச்சியதையும் நிர்வாணமாக்கி நிறுத்தியதையும் அவர் சித்திரவதையாகவே எண்ணுவார், பாலியல் வன்முறையாக எண்ணமாட்டார். சேவைகளின் பதிவேடுகளும் அப்படியே வகைப்படுத்துவதால் எண்ணிக்கை ஒன்றுமில்லை என்று தோன்றும். பதிவேட்டில் எந்தக் கட்டத்துக்குள் இவை விழுகின்றன என்று பார்ப்பது, பெயர்களைத் தொடாமலே செய்யக்கூடிய ஆய்வு. உளவளத்துணையாளர்களிடம் கேட்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. அச்சத்திலும் வலியிலும்கூட ஆணுறுப்பு விறைப்பதும் விந்து வெளிப்படுவதும் உடம்பின் அனிச்சைச் செயல். அது சம்மதத்தின் அடையாளமன்று. இதை அறியாமல் தன்னையே அருவருத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக வாழ்பவர்கள் உலகெங்கும் உண்டு. நம் உளவளத்துணைப் பயிற்சிகளில் இதைத் தமிழில், தயங்காமல் சொல்லிக் கொடுக்கிறார்களா?

பாதுகாப்பைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். அவசர நிலைகளில் பாலியல் வன்முறையை ஆராய்வதற்கென உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட எட்டு நெறிமுறைப் பரிந்துரைகளில் ஒன்று, வெளிப்படுத்துவோருக்கு அடிப்படைப் பராமரிப்பு அந்த இடத்திலேயே கிடைக்கக்கூடியதாக இருந்தாலன்றி அத்தகைய ஆய்வைத் தொடங்கவே கூடாது என்பது. அந்தப் பராமரிப்பு உண்டா என்பதே உங்கள் ஆய்வுக் கேள்வியாக இருக்கையில், உண்டு என்று முன்கூட்டியே கருதி இருபது பேரை உட்கார்த்திப் பேசவைப்பது முரணாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நெறிமுறைக் குழு போன்ற ஓர் அமைப்பிடம் இதை விளக்கினால் அவர்களும் இதையே கேட்பார்கள். உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்வதற்கு அதுவே தக்க காரணமும் ஆகும்.

கிராம அலுவலர் வழியாக ஆட்களைத் தேடாதீர்கள். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவரிடம் கேட்டது அன்று மாலைக்குள் சங்கக் கடை வரைக்கும் தெரிந்துவிடும், யார் வந்து என்ன கேட்டார்கள் என்று புலனாய்வாளர் விசாரிப்பதும் வன்னியில் புதிதன்று. ஆய்வின் தலைப்பைக் கடிதத் தலைப்பில் எழுதிக் காவித் திரிய வேண்டாம். ‘ஆண்களின் உடல், உள நலச் சேவைகள்’ என்று பொதுவாக, அதேவேளை பொய்யற்றதாக வைத்து, நேரில் விளக்குங்கள். குரற்பதிவு வேண்டாம். குறிப்புகளில் பெயரோ ஊரோ முகாமின் பெயரோ இருக்கக் கூடாது. சேவை வழங்குவோரும் ஆபத்தில் இருக்கக்கூடும் என்பதால், ஒரு மாவட்டத்தில் ஒரேயொரு பதவி இருக்கும்போது அந்தப் பதவியைக் குறிப்பிடுவதே பெயரைக் குறிப்பிடுவதாகும். முல்லைத்தீவு போன்ற சிறிய மாவட்டத்தில் இது அடிக்கடி நேரும். ‘வட மாகாணத்தில் பணிபுரியும் ஒரு வைத்தியர்’ என்பதற்கு மேல் எழுத வேண்டாம்.

இவ்வளவு கவனித்தும் ஒருநாள் ஒருவர், அவர் நீங்கள் நேர்காணும் உத்தியோகத்தராகக்கூட இருக்கலாம், தமக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்குவார். அந்தக் கணத்தில் ஆய்வு நின்றுவிட வேண்டும். பேனாவை வைத்துவிட்டுக் கேளுங்கள். விவரம் கேட்க வேண்டாம். ‘யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா, இப்போது உங்களுக்கு என்ன உதவியாக இருக்கும்?’ என்பது போதும். அவர் விரும்பினால் மட்டும், நீங்கள் முன்பே நேரில் கண்டு உறுதிப்படுத்தி வைத்திருக்கும் இருவர் மூவரில் ஒருவரிடம் வழிகாட்டுங்கள். அவர் சொன்னதை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள், அவர் அனுமதி தந்தாலும் உடனே சேர்க்காதீர்கள். நல்லிணக்க ஆணைக்குழு, காணாமற்போனோர் ஆணைக்குழு, கலந்தாய்வுச் செயலணி என்று வன்னி மக்கள் தம் துயரத்தை எத்தனையோ மேசைகளில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு மேசை தேவையில்லை.

ஆதரவு எப்படி அமையலாம் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் மேற்கு நாடுகளை விட்டு உகண்டாவைப் பாருங்கள். கம்பாலாவில் மக்கரேரே பல்கலைக்கழகத்தின் அகதிகள் சட்டத் திட்டம் பல ஆண்டுகளாகப் பாதிக்கப்பட்ட ஆண்களோடு பணியாற்றி வருகிறது. அங்கே கொங்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்த அகதி ஆண்கள் தமக்கென ஒரு சங்கத்தையே அமைத்துக்கொண்டார்கள். அவர்களின் அனுபவத்தில் முதலில் வேண்டியிருந்தது உடற்காயத்துக்கான சிகிச்சை. உழைக்க முடியாத உடம்போடு இருப்பவரிடம் மனதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நிலத்தில் குனிந்து வேலை செய்தே சீவிக்கவேண்டிய வன்னிக்கு இது அப்படியே பொருந்தும். ஆனால் சங்கம் அமைப்பது பொருந்தாது. இங்கே ஐந்து ஆண்கள் ஒரு மண்டபத்தில் கூடினாலே ஏன் என்ற கேள்வி எழும் நிலையில், அத்தகைய குழுவை ஆய்வின் பரிந்துரையாக எழுதுவது பொறுப்பற்றது.

பெண்ணாகிய நீங்கள் செய்யலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். செய்யலாம். ஆணிடம்தான் ஆண் பேசுவான் என்பது எல்லாருக்கும் பொருந்துவதில்லை. தன்னைக் கொடுமைப்படுத்தியவர்கள் ஆண்களாக இருந்ததால் ஆண் ஒருவரோடு மூடிய அறையில் இருக்கவே முடியாதவர்களும் உண்டு, அக்காவிடமோ தாயிடமோ சொல்வது போலப் பெண்ணிடம் பேசுவோரும் உண்டு, பெண்ணின் முன் வாயே திறக்காதவர்களும் உண்டு. நான் சொன்ன வழியில் போனால் நீங்கள் பேசப் போவது பெரும்பாலும் சேவை வழங்குவோரிடம். அங்கே நீங்கள் பெண் என்பது பெரிய தடையாக இராது. ஊர் ஆண்களிடம் கதை சொல்லிக் கேட்கும் பகுதிக்கு மட்டும், அந்த ஊரைச் சேராத, நெறிமுறைப் பயிற்சி பெற்ற ஆண் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, யாரோடு பேச விருப்பம் என்று ஒவ்வொருவரிடமும் முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டாருக்கு நீங்கள் எதை ஆராய்கிறீர்கள் என்பதை எவ்வளவு சொல்வது, களத்துக்குப் போகும் நாட்களில் எங்கே இருக்கிறீர்கள் என்பது யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்டதன் பாரத்தை நீங்கள் யாரிடம் இறக்கி வைப்பீர்கள் என்ற மூன்றையும் மேற்பார்வையாளருடன் எழுத்தில் முடிவு செய்துகொண்டு களத்தில் இறங்குங்கள்.